சட்டையின் இரண்டு கைகள்

செவ்வாய் இரவு வகுப்பில் மிஸ் தேவினா சொன்னார்:
ஒப்பிட்டும் வேறுபடுத்தியும் ஒரு கட்டுரை, இருநூறு சொல்.
வழி இரண்டு உண்டு.
ஒன்றைப் பற்றி எல்லாம் எழுதி முடித்து
மற்றதை எடுப்பது ஒரு வழி.
இதில் எப்படி, அதில் எப்படி என்று
குறிப்பு குறிப்பாக மாறி மாறி நடப்பது இன்னொன்று.
எதில் போனாலும் ஒரே அளவுகோல் வேண்டும்.
கோழியின் நிறத்தை
மீனின் விலையோடு நிறுக்காதீர்கள்.

நான் சிரித்துவிட்டேன்.
பதினொரு வருஷமாக அதுதான் என் பிழைப்பு.
வாக்வா தொழிற்சாலையில், நான்காம் மேசையில்,
சட்டையை மல்லாக்கப் போட்டு
இடது கையை அளந்து
வலது கையை அதன்மேல் மடிப்பேன்.
அரை சென்டிமீட்டர் மிஞ்சினால் சிவப்பு ஸ்டிக்கர்.
அங்கே வித்தியாசம் என்றால் பிழை.
இங்கே வித்தியாசம் இல்லாவிட்டால் மார்க் இல்லை.

முதலில் பஸ்ஸையும் மெட்ரோவையும் எடுத்தேன்.
பதினான்கு பேரில் ஒன்பது பேர் அதைத்தான் எடுத்திருந்தார்கள்.
பஸ் குலுங்கும், மெட்ரோ வழுக்கும்.
பஸ்ஸில் மழை உள்ளே வரும்,
மெட்ரோவில் மழை கண்ணாடிக்கு வெளியே படம்போல் ஓடும்.
ஆறு வரியில் தீர்ந்துபோனது.
இரண்டின் மேலும் எனக்குக் கோபமில்லை,
அதனால்தானோ என்னவோ.

புதன்கிழமை பட்டன் மெஷின் நின்றபோது
எதிரே நின்ற ரொகேயாவைப் பார்த்தேன்.
அதே மேசை, அதே டேப்,
அதே ட்யூப்லைட்டின் கீழ்
இருவருக்கும் ஒரே இடத்தில் கழுத்து வலி.
நூல் முனையைப் பல்லால் கடித்ததற்கு
ஒரே சூப்பர்வைசரிடம் ஒரே திட்டு.
'உம்' போட்டுக்கொண்டே போனேன்:
நானும் அவளும், எனக்கும் அவளுக்கும்,
வீங்கிய என் காலும் வீங்கிய அவள் காலும்.
தமிழில் இது எளிது.
ஓர் 'உம்' தைத்தால் எந்தத் துணியும் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு 'ஓ' வந்தது.
நானோ ஆறு மணிக்கு மெட்ரோ ஏறி
காத்ர் போர்ன் போவேன்.
அவளோ பின்வாசல் வழியாக டார்மிட்டரிக்கு.
நானோ சம்பளம் போதாதென்று சத்தம் போடுவேன்.
அவளோ பெர்மிட் தேதியை எண்ணிக்கொண்டு பேசாமலிருப்பாள்.
என் மகனோ கதவைச் சாத்திக்கொள்கிறான்.
அவள் மகளோ சில்ஹெட்டில், போன் திரைக்குள் தூங்கிவிடுகிறாள்,
இணைப்பைத் துண்டிக்காமல்
பார்த்துக்கொண்டே இவள் சாப்பிடுகிறாள்.

மிஸ் சொன்ன முதல் வழியில் எழுதிப் பார்த்தேன்.
என்னைப் பற்றியே ஒரு பக்கம் நிரம்பியது.
அவள் வந்து சேர்ந்தபோது மிச்சம் நான்கு வரி,
நைட் ஷிஃப்ட் ஆள் வந்து
பிரியாணிச் சட்டியின் அடியைப் பார்ப்பதுபோல.
கிழித்தேன்.
எனக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி.
இப்போது நியாயம் என்று நினைத்தேன்.

டீ நேரத்தில் நோட்டைப் பிடுங்கினாள்.
இந்த எழுத்து அவளுக்குத் தெரியாது.
கிரியோலில் மாற்றிச் சொன்னேன், முழுவதும்.
டால்பூரியை மடித்துக்கொண்டே கேட்டாள்:
எல்லா வரியிலும் நீதான் முதலில் வருகிறாய்.
அப்படியென்றால் நீ இடது கை, நான் வலதா?
உன்னை அளந்துவிட்டுத்தான் என்னை மடிப்பாயா?

மணி அடித்தது.
இன்னும் நானூறு சட்டை பாக்கி.
அன்று முதல்முறையாக வலது கையிலிருந்து அளந்தேன்.
அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராகத்தான் இருந்தது.
ஆனால் 'வலது நீளம்' என்று எழுதிவந்த இடத்தில்
'இடது குட்டை' என்று எழுத வேண்டியிருந்தது.

இருபதுக்குப் பன்னிரண்டு.
சிவப்பு மையில் மிஸ்:
பாதிக்கு மேல் ஏன் வரிசை மாறுகிறது?
முடிவுரை எங்கே?

நோட்டில் ஒரு வரி தப்பு என்கிறாள் ரொகேயா.
மிஸ் வட்டம் போட்ட வரிகளைக் காட்டினேன்.
அவை இல்லையாம்.
எதென்று இன்னும் சொல்லவில்லை.